மங்களத்தின் வாய், அழகப்பனின் வாக்கு

வருஷத்துக்கு இரண்டு முறை மங்களம் காணாமல் போவாள். ஆள் அங்கேயேதான் நிற்பாள். கூந்தல் அவிழ்ந்திருக்கும், முந்தானை சரிந்திருக்கும், சொந்தக்காரர்கள் சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே மட்டும் மங்களம் இருக்கமாட்டாள். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழித்து முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பும்போதுதான் திரும்பி வருவாள். இடையில் நடந்ததைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிறர் எப்போதும் ஒரே ஆள்தான், அவளுடைய அண்ணன் அழகப்பன்.

எல்லாம் உறுமி செய்கிற வேலை. மற்ற மேளங்கள் அவளை ஒன்றும் செய்வதில்லை. கல்யாண வீட்டுத் தவில், சீனப் புத்தாண்டுக்குச் சிங்க நடனக்காரர்கள் அடிக்கிற பெரிய முரசு, எதுவானாலும் பக்கத்திலேயே நின்று கடலை கொறிப்பாள். உறுமி வேறு. வளைந்த குச்சியால் அதன் தோலைத் தேய்க்கும்போது வருகிற முனகல் காதோடு நிற்காமல் அடிவயிற்றில் போய் இறங்கும். மறுபக்கத்து அடி வேகம் பிடிக்கப் பிடிக்க மூச்சு குறையும், எதிரே நிற்கிறவர்கள் சின்னதாகிக்கொண்டே போவார்கள், நாக்கு தடிக்கும். 'வேண்டாம்' என்று நினைப்பாள். அந்த நினைப்பை முடிப்பதற்குள் நினைக்கிற ஆளே இருக்காது.

முதல் தடவை அப்படி ஆனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நாலாவது பிள்ளை. ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஒரு டம்ளர் தேநீர் வேண்டுமா என்று கேட்க நாதியில்லை. ஒரு கோயில் திருவிழாவில் உறுமிச் சத்தத்துக்குக் கண் செருகி ஆடிவிட்டாள். அன்றைக்கே பெரியம்மாவும் சித்தப்பாவும் அவள் காலில் விழுந்தார்கள். பையனுக்கு வேலை கிடைக்குமா, கல்லடைப்புக்கு ஆபரேஷன் பண்ணலாமா என்று வரிசையாகக் கேட்டார்கள். அவள் குழறிக் குழறி என்னவோ சொல்ல, யாருக்கும் விளங்கவில்லை. அருகே நின்று அவள் வாயருகில் காதைக் கொடுத்து, "அம்மா சொல்றது என்னன்னா" என்று எடுத்துச் சொன்னவர் அழகப்பன். அன்றைக்குக் கிடைத்த அந்தப் பதவியை முப்பத்து மூன்று வருஷமாக அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த அமைச்சருக்கும் இப்படியொரு பதவிக்காலம் வாய்த்திருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலை செய்யும் இடத்தில் மங்களத்தைப்போல் நிதானமான ஆள் கிடையாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அறுவைச் சிகிச்சைக்கான கருவிகளைக் கழுவி, கொதியாவியில் சுத்தம் செய்து, தட்டில் அடுக்குகிற பிரிவில் அவளுக்குப் பதினாலு வருஷ அனுபவம். வயிற்று ஆபரேஷன் தட்டு ஒன்றில் அறுபத்திரண்டு கருவிகள். கத்தரி இத்தனை, ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் இத்தனை, இடுக்கி மாதிரியான ஃபோர்செப்ஸ் இத்தனை என்று வாய்விட்டு எண்ணி வைப்பாள். ஒன்று குறைந்தாலும் மேலே மேசையில் படுத்திருக்கிறவன் வயிற்றுக்குள் தேட வேண்டிவரும். சுற்றிலும் இயந்திரங்கள் இரைந்துகொண்டே இருக்கும், ஏதாவது ஒன்று எப்போதும் கூவிக்கொண்டே இருக்கும். மங்களத்தின் எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நின்றபடியே செய்கிற வேலை. கணுக்கால் வீங்கும். இரவில் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்வாள்.

அவளுடைய ஒரே மகள் ரக்ஷனா. சின்ன வயதிலிருந்தே நாய், பூனை, புறா என்று எது அடிபட்டுக் கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வருவாள். பாலிடெக்னிக் முடித்து ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தாள். மிருக வைத்தியராக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்கான படிப்பு சிங்கப்பூரில் இல்லை, வெளியே போய்த்தான் படிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெர்த் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அது ஆடி மாதம். அழகப்பன் வருஷா வருஷம் தன் அடுக்குமாடி புளோக்கின் கீழே, சுவரில்லாத திறந்த தளமான வாய்ட் டெக்கில் வைக்கிற அம்மன் பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தது. தாய்மாமன் அல்லவா, விடுவாரா. "அம்மாகிட்ட ஒரு உத்தரவு கேட்டுருவோம்" என்றார்.

உத்தரவு கேட்டார்கள். உறுமி முழங்கியது, மங்களம் காணாமல் போனாள். திரும்பி வந்தபோது மகள் ஒரு தூணோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். பொண்ணு கடல் தாண்டக் கூடாது, மீறிப் போனால் பெற்றவள் உயிருக்கு ஆகாது என்று அம்மன் சொல்லிவிட்டாளாம். ரக்ஷனா பெர்த்துக்கு எழுதி இடத்தை விட்டுக்கொடுத்தாள். பிறகு அந்த விலங்கு மருத்துவமனை வேலையையும் விட்டுவிட்டு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிற வேலைக்குப் போனாள். வீட்டில் அம்மாவிடம் பேசுவது சுருங்கிப்போயிற்று. "சாப்பாடு இருக்கா?" "இருக்கு." "லேட்டாகும்." "சரி." மூன்று வருஷம் இதுதான்.

போன ஜூலையில் மறுபடியும் ஆரம்பித்தது. ரக்ஷனா யாருக்கும் தெரியாமல் திரும்ப விண்ணப்பம் போட்டிருக்கிறாள், திரும்ப இடம் கிடைத்திருக்கிறது. பதில் சொல்ல ஆகஸ்ட் நடுவில் ஒரு தேதி வரை கெடு. பிரிண்ட் எடுத்து வைத்திருந்த கடிதத்தை அப்பா மாணிக்கம் பார்த்துவிட்டார். மாணிக்கம் மின்தூக்கி பழுது பார்க்கிறவர். நல்ல மனிதர்தான், எந்த முடிவையும் தன் கையில் வைத்துக்கொள்ளமாட்டார் என்பதைத் தவிர. அன்றைக்கே மைத்துனருக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அழகப்பன் வந்து சோஃபாவில் உட்கார்ந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழம பூஜை. பெர்மிட்லாம் எடுத்தாச்சு லா. அன்னைக்கே கேட்டுருவோம்."

"வேணாம் அண்ணே," என்றாள் மங்களம். "அவ போகணும்னா போகட்டும்."

அழகப்பன் சிரித்தார். "நீ யாரு வேணாம்னு சொல்றதுக்கு? அம்மா வர்றதும் வராததும் உன் கையிலயா இருக்கு?"

மாணிக்கம் தரையைப் பார்த்தார். ரக்ஷனா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். 'நீ யாரு' என்ற அந்த இரண்டு வார்த்தை மங்களத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. தன் வாயைத் திறந்து தன் மகளைப் பற்றிச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை. அதே வாயை உறுமி திறந்தால் ஊரே கேட்கும். இரண்டு நாள் கருவிகளைத் தேய்த்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் பழக்கமில்லை. தேய்த்து முடித்த கத்தரியையே திரும்ப எடுத்துத் தேய்த்தாள்.

அவளோடு அதே மேசையில் வேலை செய்கிறவள் முனீரா. நாற்பது வயது, கலகலப்பானவள், கடையநல்லூர்ப் பூர்வீகம், பிறந்து வளர்ந்தது எல்லாம் தஞ்சோங் பகார். செவ்வாய்க்கிழமை தேநீர் நேரத்தில், "என்னாச்சு அக்கா, மூஞ்சே சரியில்ல" என்று கேட்டாள். மங்களம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முனீரா பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடியே கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சரி, அன்னைக்கு நீங்க என்னதான் சொன்னீங்க? சொன்னது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அண்ணன் சொல்லித்தான் தெரியும். வீடியோ இருக்கு, குடும்ப வாட்ஸாப்ல எல்லார்கிட்டயும் இருக்கு. நான் பாத்ததில்ல."

"ஏன்?"

"அதுல உறுமி இருக்கே. சத்தம் கேட்டா எனக்கு வந்துரும். இங்க வந்துட்டா வேலை போச்சு."

"எனக்கு வராதுல்ல," என்று முனீரா கையை நீட்டினாள். "கொண்டாங்க போன."

முனீரா காதில் செருகிக்கொண்டு கேட்டாள். மங்களம் திரையைப் பார்க்காமல் முனீராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கேட்டு முடித்தாள். புருவத்தைச் சுருக்கி மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை போனைக் காதோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க கடலப் பத்தியும் சொல்லல, பொண்ணப் பத்தியும் சொல்லல."

"பின்ன?"

"'கால் வலிக்குது, உக்காரணும்'. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றீங்க. நாலஞ்சு தடவ. ஒரு தடவ 'விடுண்ணே'ங்கிறீங்க. அந்தாளு உங்க தோளப் புடிச்சுத் தூக்கித் தூக்கி நிக்க வெக்கிறாரு. அப்புறம் ஜனங்க பக்கம் திரும்பி, கடல் தாண்டக் கூடாதுங்கிறாரு. சொல்றது அவருதான், நீங்க இல்ல."

மங்களம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. முப்பத்து மூன்று வருஷத்துச் சாமியாட்டமும் அடுக்கடுக்காக எழுந்து வந்து நின்றது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிச் சித்தப்பாவைக் கொன்றது யார்? பெரியம்மா மருமகளை வாழாவெட்டியாகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியது யார்? அந்தப் பெண் இன்றைக்கும் தேக்கா சந்தையில் மங்களத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். எல்லாப் பழியும் மங்களத்தின் வாய்க்கு, எல்லா முடிவும் அழகப்பனுக்கு. இன்னொன்றும் அவளைத் தின்றது. அந்த வீடியோ நாற்பது பேர் போனில் மூன்று வருஷமாகக் கிடக்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை. அத்தனை பேருக்கும் காது இருக்கிறது. உறுமி அடிக்கிறபோது மங்களத்துக்கு மட்டும்தான் மூளை கலங்குகிறது என்று இத்தனை நாள் அவள் நம்பியிருந்தாள். கேட்டுக்கொண்டு நின்ற நாற்பது பேருக்கும் கலங்கித்தான் இருக்கிறது. ஒரு பொம்பளை கால் வலிக்கிறது என்று தமிழில் சொல்வது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"பொண்ணுகிட்ட காட்டுங்க அக்கா. இன்னைக்கே," என்றாள் முனீரா.

"காட்டுனா நம்பமாட்டா. அவளும் அங்கதான நின்னா. மாமா சொன்னதத்தான் கேட்டா. நான் போய், நான் சொல்லலன்னு சொன்னா, சாமி வேற நீங்க வேறம்பா." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எனக்கு அது வரக்கூடாது முனீரா. ஞாயித்துக்கிழம அடிப்பாங்க. எனக்கு வரக்கூடாது. நான் நானா நிக்கணும்."

எப்படி நிற்பது என்றுதான் தெரியவில்லை. காதில் பஞ்சு வைத்தால் பயனில்லை, உறுமி தரை வழியாகக் காலில் ஏறும். கடைசியில் வழி அவள் கையிலேயே இருந்தது. இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் எண்ணிக்கை பிசகாதவள் அல்லவா. எண்ணும்போது அவளுக்குள் ஓடுகிறது அவள் குரல். தன் குரல் உள்ளே இடைவெளி விடாமல் ஓடினால் வெளிச் சத்தத்துக்கு உட்கார இடம் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணி மாற்றும் அறையில் முனீராவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்த வீடியோவை மிக மெல்லிய சத்தத்தில் வைத்தாள். நேர் கத்தரி ரெண்டு, வளைஞ்ச கத்தரி மூணு, சின்ன கிளாம்ப் பன்னெண்டு என்று மனசுக்குள் எண்ணினாள். பன்னிரண்டோடு சரி. தலை பின்னால் சாய்ந்தது. முனீரா மணிக்கட்டைக் கிள்ளி இழுத்தாள்.

"போயிட்டீங்க அக்கா."

"தெரியுது. மறுபடி போடு."

வியாழக்கிழமை முப்பதுவரை போனாள். வெள்ளிக்கிழமை சத்தத்தைக் கூட்டி வைத்து, நடுவே இரண்டு முறை எண்ணிக்கையைத் தவறவிட்டு, திரும்பப் பிடித்து அறுபத்திரண்டையும் எண்ணி முடித்தாள். அன்றைக்குத்தான் தன் குரலையே முதன்முறையாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் கேட்டாள். கால் வலிக்குது, உக்காரணும். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது. முனீரா பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் போனைச் சுவரில் எறிந்திருப்பாள்.

சனிக்கிழமை தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனபோது பஃப்ளோ ரோட்டில் ஒரு கடைக்காரர் ஆடி மாதத்துக்காக உறுமிப் பாட்டை ஸ்பீக்கரில் அலறவிட்டிருந்தார். மங்களம் வேறு பக்கம் போகவில்லை. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு முன்னால், கூடையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய நின்றாள். வியர்த்துக் கொட்டியது. "என்னக்கா வேணும்?" என்று காய்க்கடைத் தம்பி மூன்று முறை கேட்டான். "ஊசி புடிக்கிற கிளாம்ப் ஆறு" என்றாள். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அழகப்பனின் புளோக்கில் வாய்ட் டெக் முழுக்க மாவிலையும் வேப்பிலையும். மஞ்சள் சேலை கட்டிய மங்களத்தை அம்மன் படத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ரக்ஷனா முன்வரிசையில் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். ஆபீஸில் வாடிக்கையாளர் புகார் கேட்கிறபோது வைத்துக்கொள்கிற அதே முகம். உறுமிக் குழுவில் ஆறு பேர். அழகப்பன் பட்டு வேட்டியோடு வந்து தங்கையின் வலது பக்கத்தில், தன் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டு, அடிக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

கான்கிரீட் கூரை சத்தத்தை வெளியே விடவில்லை. போனில் கேட்டதெல்லாம் விளையாட்டு என்று மங்களத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. நேர் கத்தரி ரெண்டு. முனகல் அடிவயிற்றில் இறங்கியது. வளைஞ்ச கத்தரி மூணு, சின்ன கிளாம்ப். எத்தனை? எண் வரவில்லை. முன்னால் நின்றவர்கள் சின்னதானார்கள். கால்கள் தாமாகத் தாளத்துக்கு எழும்பின. முழங்கால் மடங்கியபோது, வீங்கிய கணுக்காலில் சுரீரென்று வலித்தது. நீ யாரு என்று அண்ணன் கேட்டது ஞாபகம் வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். நேர் கத்தரி ரெண்டு. வளைஞ்ச கத்தரி மூணு. சின்ன கிளாம்ப் பன்னெண்டு. பெரிய கிளாம்ப் எட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். உடம்பு அசைந்துகொண்டுதான் இருந்தது, கூந்தலும் அவிழ்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு எப்போதும் போலத்தான் இருந்திருக்கும். அறுபத்திரண்டாவதை வைத்தபோது மங்களம் மங்களமாகவே இருந்தாள்.

அழகப்பன் அவள் வாயருகில் காதைக் கொண்டுவந்தார். மங்களம் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஒரு மூச்சுக்கூட விடவில்லை. அழகப்பன் மூன்று முறை தலையை ஆட்டினார், கண்ணை மூடினார், பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

"அம்மா சொல்றா. போன தடவ சொன்னதுதான் இந்தத் தடவயும். பொண்ணு இந்த மண்ண விட்டுப் போகக் கூடாது. போனா, பெத்தவ அடுத்த ஆடியப் பாக்கமாட்டா."

தான் சாகப் போவதை அண்ணன் வாயால், முழு நினைவோடு, ஒரு முழம் தள்ளி நின்று மங்களம் கேட்டாள். அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே அண்ணே."

அழகப்பனுக்கு விளங்கவில்லை. "அம்மா?" என்றார்.

"அம்மா இல்ல. மங்களம். நான் முழிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். வாயே தொறக்கல. நீயா என்னத்த எடுத்து விடுற? முப்பத்து மூணு வருஷமா இதத்தான் பண்ணியா? சித்தப்பாவுக்கு ஆபரேஷன் வேணாம்னது யாரு, நானா?"

மேளக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஆனால் நடந்தது மங்களம் நினைத்தது இல்லை. பின்னால் இருந்த ஒரு அத்தை, "அம்மா உக்கிரமா இருக்கா, சூடம் கொண்டாங்க" என்றாள். யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்தார்கள். மாணிக்கம், சொந்தப் புருஷன், குப்புற விழுந்து வணங்கினார். அழகப்பன்கூடக் காலரை விடுவித்துக்கொள்ளாமல் கையைக் கூப்பிவிட்டார். அவர் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. அம்மன்தான் தன் மனசுக்குள் பேசுகிறாள் என்று அந்த மனிதர் இத்தனை வருஷமும் நிஜமாகவே நம்பியிருக்கிறார்.

"நான் மங்களம்டா," என்று கத்தினாள். கத்தக் கத்தக் கும்பிடு கூடியது. "உங்க போன எடுத்து அந்த வீடியோவப் போட்டுக் கேளுங்க. கால் வலிக்குது, உக்காரணும்னு சொல்றேன். அது மட்டும்தான் சொன்னேன்." ஒரு மைத்துனி நிஜமாகவே போனை எடுத்துப் போட்டாள். மேளம் நின்றிருந்த அமைதியில், அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து மங்களத்தின் குரல் எல்லோருக்கும் கேட்டது. பிறகு அந்த அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அம்மாவுக்கே காலு வலிச்சிருக்கு, நமக்குத் தெரியல பாரு" என்றாள்.

மங்களத்துக்குச் சிரிப்பு வந்தது, அதற்கு மேல் ஆத்திரம் வந்தது. அப்போது ஒரு யோசனையும் வந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, 'போகட்டும்' என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. நாற்பது பேரும் ரக்ஷனாவை விமானத்தில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். ரக்ஷனாவும் கையைக் கூப்பியிருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், துள்ளுகிற நாயைப் பிடித்து ஊசி போடத் தெரிந்தவள், கண்ணை மூடி, தண்டனைக்குக் காத்திருக்கிறவள்போல் நின்றாள். அதைப் பார்த்ததும் அந்த யோசனை செத்துப்போயிற்று.

மங்களம் மகளிடம் போய், கூப்பிய கைகளைப் பிடித்துப் பிரித்தாள்.

"ரக்ஷி, கண்ணத் தொற. சாமியெல்லாம் இல்ல. உன் அம்மா சொல்றேன். நீ போ. நான் சாகமாட்டேன். செத்தாலும் அது நீ போனதால இல்ல."

ரக்ஷனா கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். மங்களம் அவிழ்ந்த கூந்தலோடு பின்னாலேயே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் ரக்ஷனா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு நினைவு இருக்காதுன்னு நான் நம்புறேன்மா. வீடியோல கேட்டேன், அதையும் நம்புறேன். மாமாதான் சொன்னாரு, ஓகே. ஆனா மறுநாள் காலைல உங்களுக்கு நினைவு இருந்துச்சுல்ல. நான் இதே எடத்துல உக்காந்து அழுதேன். நீங்க கோப்பி கலக்கிக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்கு ஏன், நீ போன்னு சொல்லல? அதுக்கப்புறம் ஆயிரம் நாள் இருந்துச்சு. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

மங்களத்திடம் பதில்கள் தயாராக இருந்தன. அண்ணனிடம் பயம், உன் அப்பா வாயில்லாப் பூச்சி, அம்மன் வாக்கு என்று நானும் நம்பினேன். எல்லாமே பாதி உண்மை. இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு வந்த வாயால் மகளிடம் பாதி உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"எனக்கு அது புடிச்சிருந்துச்சு ரக்ஷி."

"எது?"

"எல்லாரும் என் காலத் தொடுறது. மத்த நாள்ல என்னை யாரும் ஒரு ஆளா மதிச்சதில்ல. அன்னைக்கு மட்டும் பெரியவங்கள்லாம் வரிசையில நிப்பாங்க. அது நான் சொன்னது இல்லன்னு ஒத்துக்கிட்டா, அதுவும் போயிரும்னு பயம். அதான் நீ அழுதப்பவும் பேசாம இருந்தேன்."

ரக்ஷனா அழவில்லை, கத்தவும் இல்லை. போனை எடுத்து எதையோ தேடினாள். விரலால் இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். பெர்த்துக்குச் சம்மதம் போய்விட்டது என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப மாமாவும் நீங்களும் ஒண்ணுதாம்மா," என்றாள். குரலில் சூடே இல்லை. "என் பாஸ்போர்ட் எங்க வெச்சிருக்கீங்க?"

மங்களம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். ஒரு வாரமாக யார் மேலாவது கோபப்பட்டுக்கொண்டே இருந்தவளுக்கு, மகள் சொன்னதில் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை.